இசைத்தட்டுக் கடைக்குள் கட்டணமில்லாக் கச்சேரி: கோவையில் எப்படி நடத்தலாம்?

கேள்வி: பேரூர்க்காரர்

வணக்கம். கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் நானும் என் அக்காவும் சிறிய இசைத்தட்டுக் கடை ஒன்றை நடத்தி வருகிறோம். பழைய தமிழ்த் திரைப்பட இசைத்தட்டுகள், கர்நாடக இசை, ஜாஸ், ராக், கொஞ்சம் ஒலிநாடாக்கள் ஆகியவையே எங்கள் சரக்கு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கொங்குப் பகுதியைச் சேர்ந்த சுயாதீன இசைக் கலைஞர்களை அழைத்து, கடைக்குள்ளேயே ஒரு மணி நேரம் பாடச் செய்து, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி வந்து கேட்கும்படி வைக்க விரும்புகிறோம். திரைப்படப் பாடல்களைப் பாடும் மெல்லிசைக் குழுக்களுக்குத் திருமண மண்டபங்களும் கோயில் நோன்பிகளும் இருக்கின்றன. தாமே எழுதி, தாமே மெட்டமைத்த பாடல்களோடு இருக்கும் இளைஞர்களுக்கோ, அவற்றை அமைதியாக உட்கார்ந்து கேட்கும் நாற்பது பேர் கொண்ட ஓர் அறை இங்கே எளிதில் கிடைப்பதில்லை.

வெளிநாடுகளில் இது வேரூன்றிய வழக்கம். லண்டனில் 1976இல் தொடங்கிய ரஃப் ட்ரேட் கடை, 2007இல் பிரிக் லேன் பகுதியில் பெரிய கிளை திறந்தபோது, கடைக்குள்ளேயே மேடைக்கும் இடம் வைத்தது. அதே 2007 ஜூன் மாதம், ஹாலிவுட்டில் இருக்கும் அமீபா மியூசிக் கடையில், இசைத்தட்டு அடுக்குகளுக்கு நடுவே நின்று பால் மெக்கார்ட்னி கட்டணமில்லாமல் பாடினார். அடுத்த ஆண்டு, 2008 ஏப்ரல் 19 அன்று, தனிக் கடைகளுக்கென்றே இசைத்தட்டுக் கடை நாள் கொண்டாடத் தொடங்கினார்கள். இன்றும் ஆண்டுதோறும் இசைத்தட்டுக் கடை நாளில் பல நாடுகளில் கடைக்குள் கச்சேரிகள் நடக்கின்றன. இந்தியாவிலோ, மும்பையின் ரிதம் ஹவுஸ் போன்ற பெயர்பெற்ற கடையே 2016இல் மூடப்பட்டுவிட்டது. பொருளை மட்டும் விற்றுக்கொண்டு ஓர் இசைக்கடை இனி நிலைக்காது என்றும், மனிதர்கள் வந்து கூடும் இடமாக அது மாறியாக வேண்டும் என்றும் நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

அனுபவம் உள்ளவர்களிடம் கேட்க விரும்புபவை இவை. நுழைவுக் கட்டணம் இல்லாதபோது கலைஞர்களுக்கு என்ன கொடுப்பது, அதை எங்கிருந்து கொடுப்பது? காவல்துறை அனுமதியும் பாடல் உரிமமும் தேவையா? திரைப்படப் பாடலே கேட்டுப் பழகிய நம் ஊர் மக்கள், பெயர் தெரியாத ஒருவரின் சொந்தப் பாடலைக் கேட்க வருவார்களா?

பதில்: ஈரோட்டுப் பாடகி

அண்ணா, கிட்டாருடன் என் சொந்தப் பாடல்களைப் பாடி வருபவள் நான். நீங்கள் கேட்டவற்றில் பணத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது தீர்ந்த பிறகுதான் மற்றவை எல்லாம்.

கேட்க வருபவருக்குக் கட்டணம் இல்லை என்பது மிக நல்ல ஏற்பாடு. கல்லூரி மாணவர்களும், பின்னலாடை நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களும், குழந்தைகளை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர்களும் தயங்காமல் உள்ளே வர அதுவே வழி. ஆனால் அந்தச் செலவைப் பாட வருபவர் தலையில் கட்டிவிடக் கூடாது. ஒரு மாலைக்காக ஈரோட்டிலிருந்து கோவைக்கு இரண்டு பேர் வருவதென்றால், கிட்டாரோடு, கையால் தட்டி வாசிக்கும் கஹோன் பெட்டியையும் கூட்டமான பேருந்தில் ஏற்ற முடியாது. வாடகைக் கார் வைத்தாக வேண்டும். புதுக் கம்பிகள் மாட்ட வேண்டும், ஒத்திகைக்காக வேலையில் விடுப்பு எடுக்க வேண்டும். முன்பு ஓர் உணவகத்தில் இரண்டு மணி நேரம் பாட அழைத்தார்கள். ஒரு பாடலின் சரணத்தில் இருந்தபோது, பக்கத்து மேசையில் பிறந்தநாள் கேக் வெட்டப் போகிறார்கள் என்று கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். இறுதியில் இரவுச் சாப்பாடு கொடுத்து, நல்ல அறிமுகம் கிடைத்திருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். என்னைப் போன்ற பலருக்கு இங்கே கிடைக்கும் சம்பளம் அந்த அறிமுகம்தான்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது: தொகை சிறியதாக இருந்தாலும், அழைக்கும்போதே அதை வாயால் சொல்லிவிடுங்கள், பயணச் செலவைத் தனியாகக் கொடுங்கள், அன்று மாலையே, நாங்கள் கிளம்புவதற்கு முன், கணக்கை முடித்துவிடுங்கள். கல்லாப்பெட்டியின் அருகில் கலைஞரின் க்யூஆர் அட்டை ஒன்றை வைத்து, விரும்புபவர்கள் விரும்பியதைப் போடும்படி அறிவிக்கலாம். ஆனால் அது மேலதிகமாக வருவதாக இருக்க வேண்டுமே தவிர, அதுவே சம்பளமாகிவிடக் கூடாது. எங்கள் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவருவது இப்போதைக்கு அரிது. அதற்குப் பதிலாக, பாடல் வரிகள் அச்சிட்ட பனியன்களைத் திருப்பூரில் சிறு பட்டறைகளில் குறைந்த எண்ணிக்கையில் அடித்து எடுத்து வருகிறோம். அவற்றை உங்கள் மேசையில் வைத்து விற்க இடம் கொடுத்தால் அதுவும் பெரிய உதவி. கையில் பணம் போதவில்லை என்றால், மாதம் ஒன்று என்பதை இரண்டு மாதத்துக்கு ஒன்று என மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பேரை அழைத்து எவருக்கும் கொடுக்காமல் விடுவதைவிட, ஒருவரை அழைத்து ஒழுங்காகக் கொடுப்பது மேல்.

பதில்: பொள்ளாச்சிப் பெரியவர்

தம்பி, பேரூர்க்காரருக்கும் அந்த ஈரோட்டு அம்மணிக்கும் வணக்கம். பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நம் கோயில்களிலேயே பழைய விடை இருக்கிறது. திருவிழாவில் ஒவ்வொரு நாள் நாதசுரமும் ஒரு குடும்பத்தின் உபயம். கேட்கும் ஊர் முழுவதற்கும் அது இலவசம், வாசிப்பவருக்கோ அவருடைய சம்பளம் முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் கடைக்கும் அதே முறை பொருந்தும். இந்த மாதக் கச்சேரி இன்னாருடைய உபயம் என்று வாசலில் ஒரு சிறு பலகையில் எழுதி வையுங்கள். கோவையில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருப்பவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், மகளின் பிறந்தநாளுக்கு ஏதாவது நல்லது செய்ய நினைப்பவர் என்று ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் கிடைக்காமல் போகமாட்டார்கள். முதல் உபயத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மக்கள் வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். 1980களில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒலிப்பதிவு நிலையம் ஒன்று இருந்தது. வெற்று ஒலிநாடாவையும், பாடல்களின் பெயர்களை எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு பக்கமும் நிரப்பி, அட்டையில் சிவப்பு மையால் பெயர்களை எழுதித் தருவார் அந்தக் கடைக்காரர். பக்கத்தின் முடிவில் ஐந்து நிமிடம் மிச்சம் விழுந்தால், நாம் கேட்காத ஒரு பாடலை அவரே தேர்ந்தெடுத்துச் சேர்த்து வைப்பார். அந்த மிச்சத்தில்தான் கஸலும் இந்துஸ்தானியும் புல்லாங்குழலும் என் காதுக்கு அறிமுகமாயின. கடைக்காரரின் ரசனை மேல் நம்பிக்கை வைத்து, பெயர் தெரியாத பாடலைக் கேட்பது நம் மக்களுக்குப் புதிதன்று. அந்த நம்பிக்கையை நீங்கள் சம்பாதித்தால் போதும்.

அதனால் சில யோசனைகள் சொல்கிறேன். கச்சேரிக்கு முன் அரை மணி நேரம் பழைய திரைப்பட இசைத்தட்டுகளை ஓடவிடுங்கள். அதற்காக வருபவர்கள் அப்படியே உட்கார்ந்து புதிய பாடல்களையும் கேட்பார்கள். முட்டிவலிக்காரர்களுக்குப் பின்வரிசையில் நாற்காலி போடுங்கள். இந்தப் பாடல் எதைப் பற்றியது என்று பாடுபவர் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். சுயாதீன இசை என்றால் கிட்டார் மட்டும்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும் கலைஞர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். எந்த நிறுவனத்தையும் நம்பாமல், தம் குரலையும் ஒரு கைக்கருவியையும் மட்டுமே கொண்டு இரவு முழுவதும் ஒரு கதையை நடத்திச் செல்லும் அவர்களை, அந்த இளைஞர்களுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடும் அதே சம்பளத்தோடும் அழையுங்கள்.

பதில்: கோவை வழக்கறிஞர்

உரிமம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பெரியவர் ஐயாவின் உபய யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் திரைப்பட இசைத்தட்டுகளைக் கூட்டத்துக்கு ஒலிக்கவிடும் யோசனையில் சட்டச் சிக்கல் இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இசைத்தட்டை விலைக்கு வாங்குவது, அதைப் பொதுமக்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒலிக்கவிடும் உரிமையைத் தந்துவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, அதனுள் இருக்கும் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை. வாங்க வந்த ஒருவர் தட்டைச் சோதித்துப் பார்க்கக் காதில் மாட்டும் ஹெட்போனில் கேட்பது வேறு. விளம்பரம் செய்து ஆட்களைக் கூட்டி ஒலிக்கவிடுவது வேறு. பின்னதற்கு உரிமம் பெற்றுவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடுங்கள்.

நேரடியாகப் பாடுவதைப் பொறுத்தவரை, கலைஞர் தம் சொந்தப் பாடலைப் பாடினால் சிக்கல் மிகக் குறைவு. இருந்தாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1969இல் தொடங்கப்பட்ட இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தில் அவர் உறுப்பினராகி, நிகழ்த்தும் உரிமையை அதனிடம் ஒப்படைத்திருந்தால், தம் பாடலைத் தாமே பாடும்போதும் உரிமத்துக்கு அந்தச் சங்கத்தைத்தான் அணுக வேண்டிவரும். பிறருடைய பாடலைப் பாடுவதென்றால், திரைப்படப் பாடலோ வேறு பாடலோ, உரிமம் தேவை. நுழைவுக் கட்டணம் வாங்காவிட்டால் உரிமம் வேண்டியதில்லை என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தின் 52ஆம் பிரிவில் கட்டணமில்லாப் பார்வையாளர்களுக்கான விதிவிலக்கு ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் அது தொழில்முறை சாராத மன்றங்களும் சங்கங்களும் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு உரியது. வணிகக் கடை ஒன்று அதை நம்பிக்கொண்டு இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாரதியார் பாடல்கள் அரசுடைமையாகிவிட்டதால் அவற்றின் வரிகளை யாரும் பாடலாம். ஆனால் பிற்காலத்தில் ஒருவர் அமைத்த மெட்டில் பாடினால், அந்த மெட்டுக்கு உரிமை இருக்கக்கூடும். ஆசிரியர் பெயர் தெரியாமல் வழிவழியாக வரும் கும்மிப் பாட்டுக்கும் உடுக்கைப் பாட்டுக்கும் இந்தத் தடைகள் இல்லை.

ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். காவல் ஆணையரகம் உள்ள கோவை, திருப்பூர், சேலம் போன்ற நகரங்களில் ஆணையர் அலுவலகத்துக்கும், மற்ற ஊர்களில் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்கோ விண்ணப்பிக்கலாம். பகல் நேர வரம்பு வணிகப் பகுதியில் 65 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 55. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் 50 மட்டுமே. ஆர்.எஸ்.புரத்தின் குறுக்குத் தெருக்களில் கடைகளுக்கு மேலேயே வீடுகளும் அடுத்த கட்டடத்தில் மருத்துவமனைகளும் இருப்பது வழக்கம் என்பதால், உங்கள் தெரு எந்த வகையில் வருகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு முன் முடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

இறுதியாக, கைப்பேசியில் முழுக் கச்சேரியையும் பதிவு செய்து வெளியிடும் பழக்கம். 38ஆம் பிரிவின் கீழ் நிகழ்த்துநருக்கென்று தனி உரிமை இருக்கிறது. அவருடைய ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. இது கடைக்கும் பொருந்தும், கேட்க வருபவர்களுக்கும் பொருந்தும். ஒரு பாடல் வரைக்கும் பதிவு செய்யலாமா, முழுவதுமா, எங்கே வெளியிடலாம் என்பதை அரைப்பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

பேரூர்க்காரர்

மூவருக்கும் என் நன்றி. தொகையை முன்கூட்டியே சொல்லி அன்றே கொடுப்பதையும், உபயப் பலகையையும் இன்றே முடிவு செய்துவிட்டோம். பெரியவர் ஐயா, முதல் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். உரிமம் கிடைக்கும்வரை இசைத்தட்டுகளை ஓடவிடப் போவதில்லை. பாடுபவர்களிடம் சொந்தப் பாடல்களையும் வழிவழிப் பாடல்களையும் மட்டுமே கேட்கப் போகிறோம்.

இனி ஒலியைப் பற்றிய ஐயம். எங்கள் கடை ஏறத்தாழ 400 சதுர அடி. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, தரை ஓடு பதித்தது, மேலே கான்கிரீட் கூரை, இரண்டு பக்கச் சுவர்களிலும் இசைத்தட்டு அடுக்குகள். ஓர் ஆள் கைதட்டினாலே அறை முழங்குகிறது. இதற்குள் எப்படிப்பட்ட ஒலிபெருக்கி வைப்பது?

பதில்: திருப்பூர் ஒலியமைப்பாளர்

அந்த அளவுள்ள அறைக்கு, முடிந்தவரை ஒலிபெருக்கியே வேண்டாம் என்பேன். மயிலாப்பூர் நாகேசுவர ராவ் பூங்காவில், திறந்தவெளியில், ஒலிபெருக்கி இல்லாமலேயே கச்சேரி நடத்துகிறார்கள். நான்கு சுவருக்குள் நாற்பது பேருக்குக் குரலும் கிட்டாரும் கேட்காமல் போகாது. பாடுபவரின் குரல் மென்மையாக இருந்தால் மட்டும், குரலுக்கு ஓர் ஒலிவாங்கியும், காதின் உயரத்தில் ஒரே ஒரு சிறிய ஒலிபெருக்கியும் போதும். அதற்கும் வழக்கறிஞர் சொன்ன அனுமதி தேவை என்பதை மறக்க வேண்டாம். டிரம்ஸ் இந்த அறைக்குள் வேண்டவே வேண்டாம். அதை மெதுவாக அடித்தாலும் குரல் மூழ்கிவிடும். குரலை உயர்த்தினால் கண்ணாடியில் பட்டுத் திரும்பி எல்லாம் கூச்சலாகிவிடும். கஹோன், உடுக்கை, கஞ்சிரா ஆகியவை பொருத்தமானவை. துடும்பு, ஜமாப்பு ஆகிய மேளங்கள் நம் ஊரின் பெருமைகள், ஆனால் அவை கோயில் திடலுக்கென்று பிறந்தவை. அவற்றை அடைத்த அறையில் ஒலிக்கவைப்பது அவற்றுக்கும் அநீதி, காதுக்கும் கேடு.

கைதட்டினால் முழங்குகிறது என்றீர்கள். அது தரைக்கும் கூரைக்கும் நடுவே, கண்ணாடிக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒலி மாறி மாறி மோதுவதால் வருவது. பக்கச் சுவர்களில் இருக்கும் இசைத்தட்டு அடுக்குகள் ஏற்கெனவே உங்களுக்கு உதவுகின்றன. சீரற்ற விளிம்புகளும் நிறைந்த அட்டைகளும் ஒலியைச் சிதறடிக்கும், ஓரளவு உறிஞ்சவும் செய்யும். ஆகவே கச்சேரிக்காக அடுக்குகளைக் காலிசெய்துவிடாதீர்கள். தரைக்குப் பவானி ஜமக்காளத்தை இரண்டு மடிப்பாக விரியுங்கள். மக்கள் அதன்மேல் உட்கார்ந்தால் அவர்களே மிகச் சிறந்த ஒலியுறிஞ்சிகள். கண்ணாடிக்கு முன்னால் கனமான திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள்; கரூரில் இதற்கேற்ற தடித்த துணி கிடைக்கும். கண்ணாடியோடு ஒட்டாமல், ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் பயன் கூடும். துணியால் அடிநிலை ஒலிகளைக் கட்டுப்படுத்த முடியாது என்பதால்தான் பேஸ் கிட்டாரையும் பெரிய ஒலிபெருக்கியையும் தவிர்க்கச் சொல்கிறேன். பாடுபவரைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தாமல், நீளவாக்கில் கடையின் உட்கோடியில், தெருவைப் பார்த்தபடி உட்கார வையுங்கள்.

உங்கள் சரக்கைக் காப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் மேசை அடுக்குகளுக்குப் பூட்டுள்ள சக்கரங்கள் பொருத்திவிட்டால், மாலையில் சுவரோரம் தள்ளிவிட்டு மறுநாள் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அவற்றின் மேல் பலகையைப் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் தேநீர்க் குவளைகள் அட்டைகளின் மேல் வந்து உட்காரும். தேநீரைக் கச்சேரி முடிந்தபிறகு தெருமுனைப் பேக்கரியில் வைத்துக்கொள்ளுங்கள். பாடியவரோடு கேட்டவர்கள் பேசுவதற்கும் அதுவே நல்ல இடம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகள் ஒரு முழங்கை பட்டாலே உடையும் என்பதால் அவற்றை அன்று உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். மாலை வெயில் கண்ணாடி வழியாக நேராக விழும் கடை என்றால், இடம் மாற்றிய அடுக்குகள் அந்த வெயிலில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வினைல் தட்டு வெப்பத்தில் வளைந்துவிடும்.

நேரம் ஐந்தரை மணி முதல் ஆறரை வரை இருக்கட்டும். கதவை மூடிவைத்துக் குளிர்சாதனத்தை ஓட்டினால் அதன் இரைச்சல் மெல்லிய பாடல்களைக் கெடுக்கும். அதனால் நான்கு மணிக்கே ஓட்டி அறையைக் குளிர்வித்துவிட்டு, பாடல் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். முதல் கச்சேரிக்கு முந்தைய ஞாயிறு, கடையடைத்த பிறகு ஒருவர் உள்ளே பாட, இன்னொருவர் மேல்மாடி வீட்டின் படிக்கட்டிலும் எதிர்க் கட்டடத்தின் வாசலிலும் நின்று கேட்டுப் பாருங்கள். வரிகள் அங்கே தெளிவாகக் கேட்டால் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று பொருள். அந்த மேல்மாடி வீட்டுக்காரர்களை முதல் கச்சேரிக்கு நேரில் போய் அழையுங்கள்.